கிளிநொச்சி எண்டு எழுதின கொழும்பு மணிக்கூடு

1

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை எங்கட முதலாளி நேசன் அண்ணை என்னைத் தன்ர அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளைத் தந்தார். அடுத்த மாசத்தில இருந்து நானும் இன்னும் நாலு பேரும் கந்தோருக்கு வரத் தேவையில்லையாம். வேலை போகேல்லையாம், வீட்டில இருந்து செய்யலாமாம். "உங்களுக்கும் நல்லதுதானே தேவி. இந்தக் குளிருக்குள்ள பஸ்ஸுக்கு நிண்டு விறைக்கத் தேவையில்லை," எண்டு சிரிச்சுக்கொண்டு சொன்னார்.

தாளை வாசிச்சன். தலைப்பு, 'தூரத்து ஊழியர்களால் ஒரு நிறுவனம் எப்படிச் செலவைக் குறைக்கலாம்'. கீழ வரிசையாய் இருந்தது. கதிரை மேசை மிச்சம். சூடாக்கிச் செலவு மிச்சம். கார் விடுற இடம் மிச்சம். கோப்பி, சீனி, கக்கூஸ் பேப்பர் மிச்சம். கடைசி வரி, 'ஊழியர் தன் இடத்தைத் தானே துப்புரவு செய்துகொள்வார்'.

எனக்குக் கோபம் உச்சந்தலையில ஏறிச்சுது. ஆனால் அவரில இல்லை. அந்தக் கடைசி வரியை எழுதினது நான். முழுத்தாளையும் எழுதினது நான்தான். நாலு வருசத்துக்கு முந்தி கிளிநொச்சியில ஆறு பிள்ளையளை வேலைக்கு எடுக்கேக்க, பெரிய கெட்டிக்காரி மாதிரி இருந்து யோசிச்சு எழுதிக் குடுத்தனான். மனுசன் ஒரு சொல்லையும் மாத்தேல்லை, திகதியைத்தான் மாத்தியிருக்கிறார்.

ஊரில இருந்து இதை வாசிக்கிற உங்களுக்குத்தான் இந்தக் கதையைச் சொல்லவேணும். இஞ்ச இருக்கிற ஆக்களுக்குச் சொன்னால், "உதெல்லாம் பிஸ்னஸ் பாருங்கோ," எண்டு போட்டுக் கோப்பி வாங்கப் போயிடுவினம்.

2

நான் நெடுங்கேணி. தொண்ணூறுகளின்ர துவக்கத்திலயே வெளிக்கிட்டிட்டன். ரொறன்ரோவுக்கு வந்து துப்புரவு வேலை, பேக்கரி வேலை எல்லாம் பாத்து, கடைசியில ஸ்காபரோவில நேசன் அண்ணையின்ர கந்தோரில வந்து நிண்டனான். வேலை இதுதான். காப்புறுதிக்காரர், வீடு விக்கிறவை, கடைக்காரர் எல்லாரும் கையால நிரப்பின படிவங்களைக் கட்டுக்கட்டாய்த் தருவினம். நாங்கள் அதைக் கொம்பியூட்டரில தட்டி ஏத்திக் குடுக்கவேணும். நான் மேற்பார்வை.

சண்டை நிண்டு வன்னிக்குப் பாதை திறந்த அடுத்த வருசமே நேசன் அண்ணை ஊர் பாத்திட்டு வந்தவர். வந்த கையோட சொன்னார், கிளிநொச்சியில சற்றலைட்டில ஓடுற இன்ரநெற் நிலையம் ஒண்டு இருக்கு, தட்டச்சுப் படிச்ச பிள்ளையள் கனபேர் சும்மா இருக்குதுகள் எண்டு. "நாங்கள் கந்தோரைப் பூட்டிப்போட்டுப் படுக்க அவை வேலையைத் தொடங்குவினம். நாங்கள் எழும்ப வேலை முடிஞ்சிருக்கும். ஊருக்கு உதவின மாதிரியும் இருக்கும்." எனக்குக் கேக்கக் கேக்கச் சந்தோசம். நெஞ்சில கை வைச்சுச் சொல்லுறன், எனக்கு அந்த நேரம் கள்ளம் தெரியாது. ஊரில ஆறு வீட்டில உலை கொதிக்கும் எண்டுதான் நினைச்சனான்.

அதுக்காகத்தான் அந்தத் தாளை எழுதினனான். நிலையத்தின்ர மேசை, நிலையத்தின்ர கதிரை, நிலையத்தின்ர ஜெனரேற்றர். எங்களுக்கு ஒரு சதச் சாமானும் வாங்கத் தேவையில்லை எண்டு காட்டினால்தான் அவர் ஓம் எண்டுவார் எண்டு எனக்குத் தெரியும். ஓமெண்டார்.

கந்தோர்ச் சுவரில ரெண்டு மணிக்கூடு கொழுவினன். ஒண்டுக்குக் கீழ 'ரொறன்ரோ' எண்டும் மற்றதுக்குக் கீழ 'கிளிநொச்சி' எண்டும் வடிவாய்த் தமிழில எழுதி ஒட்டினன். பிள்ளையள் காலமை வேலையைத் திறந்த உடன நேரம் பதியிற புரோகிராம் ஒண்டும் போட்டனாங்கள். அதில எந்த ஊர் நேரம் எண்டு கேட்டுது. பட்டியல்ல கிளிநொச்சி எண்டு ஒண்டு இல்லை. கொழும்பு இருந்தது. கொழும்பை அமத்தினன். சுவரில இருந்த மணிக்கூட்டையும் அதுக்கே வைச்சன். அதைப் பற்றி ரெண்டாந்தரம் யோசிக்கேல்லை.

3

ஆறு பிள்ளையளுக்கும் பொறுப்பு சுகந்தி. அவளின்ர அப்பா ஆக்கள் மலையகத்துத் தோட்டத்தில இருந்து கலவரத்தோட அடிபட்டு வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறின சனம். அவள் பிறந்தது கிளிநொச்சியில. கதைச்சால் எங்கட பிள்ளை மாதிரித்தான் கதைப்பாள், கோபம் வந்தால் மட்டும் கொஞ்சம் அப்பாவின்ர தமிழ் எட்டிப் பாக்கும். வேலையில பிழை பிடிக்க ஏலாது. இஞ்ச பத்து வருசம் இருக்கிற ஆக்கள் வாசிக்கத் திணறுற டொக்டர் எழுத்தையும் வாசிச்சிடுவாள்.

முதல் மாசம் நேரக் கணக்கை எடுத்துப் பாத்தால் ஆறு பேரும் ஒவ்வொரு நாளும் வேலையைத் திறந்தது எட்டரைக்கு. தொடங்கவேண்டியதோ எட்டு மணிக்கு. பின்னேரம் ஐஞ்சுக்கு முடிக்கவேணும், ஐஞ்சரை வரைக்கும் இருக்கினம். நேசன் அண்ணை சொன்னார், "பிந்தி வாற அரை மணித்தியாலத்தைச் சம்பளத்தில வெட்டுங்கோ. ஐஞ்சுக்குப் பிறகு நிக்கிறது அவையின்ர விருப்பம். அதுக்குக் கணக்கில்லை."

நான் வெட்டினன். பின்னேரம் கூட நிக்கிறதுகள் நன்றியில நிக்குதுகள் எண்டு நினைச்சன். இதை எழுதேக்க எனக்கு என்னில காறித் துப்பவேணும் போல இருக்கு.

சுகந்தி பேசாமல் இருந்தவள் எண்டு நினைக்காதேங்கோ. முதல் வெட்டுக்கே எழுதினவள். "அக்கா, நாங்கள் எட்டு மணிக்குத்தான் தொடங்கிறம். கொழும்பு மணிக்கூட்டை அரசாங்கம் அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினது. இஞ்ச வன்னியில அரசாங்கத்தின்ர ஆட்சி இல்லை, ஒருத்தரும் தள்ளேல்லை, பழைய நேரந்தான். உங்களுக்கு எட்டரை எண்டு விழும். முந்தி வந்து தொடங்குவம் எண்டால் நிலையத்துக்காரர் எட்டு மணிக்குத்தான் ஜெனரேற்றர் போடுவார்."

இதைவிட வடிவாய் ஆர் எழுதுறது?

நான் அந்தக் கடிதத்தை நேசன் அண்ணைக்குக் காட்டினன். "ஒரு நாட்டில ரெண்டு நேரமோ? சாட்டு," எண்டார். "தோட்டத்து ஆக்களுக்கு மணி தெரியாது தேவி, சங்கு ஊதினால்தான் தெரியும்," எண்டும் சொன்னார். அந்தக் கதைக்கு நான் எழும்பிப் போயிருக்கவேணும். போகேல்லை. இன்ரநெற்றில தேடிப் பாத்தன். இலங்கைக்கு ஒரு நேரந்தான் போட்டிருந்தது. சுகந்திக்கு மறுமொழி எழுதினன். என்ர வசனம் அப்பிடியே ஞாபகம் இருக்கு. 'உலக நேரப் பட்டியலில் இலங்கைக்கு ஒரே நேரமே உண்டு என்பதை அறியத்தருகிறேன்.'

அறியத் தந்தனாம். ஊரை விட்டுப் பத்து வருசத்துக்கு மேல ஆனவள், ஊரில இருக்கிறவளுக்கு அங்க எத்தனை மணி எண்டு அறியத் தந்தனாம். நான் வெளிக்கிட்ட பிறகுதான் கொழும்பில நேரத்தை மாத்தினவை, எனக்கு அது தெரியாது. சரி, தெரியாது. தெரியாட்டில் கேக்கத் தெரியவேணும். இல்லாட்டில் சொல்லுறவளையாவது நம்பத் தெரியவேணும்.

அவளின்ர அடுத்த கடிதம் சின்னன். "அப்பா சொல்லுறார், தோட்டத்தில காலமை பேர் பதியிற பெரட்டுக்களத்துக்குக் கொஞ்சம் பிந்திப் போனால் கணக்கப்பிள்ளை அரைப்பேர்தான் போடுவாராம், அரைநாள் சம்பளந்தான். கனடாவிலயும் கணக்கப்பிள்ளை இருக்கினமோ எண்டு கேக்கிறார்."

எனக்குச் சுட்டுது. அவளுக்குத் திமிர் எண்டு நினைச்சன்.

4

ஒண்டரை வருசத்துக்கு மேல இப்பிடியே போச்சுது. வெட்டிறது, எச்சரிக்கை எழுதுறது, வெட்டிறது. பொறுப்பாய் இருக்கிறவளே பிந்தினால் மற்றதுகள் திருந்துமோ, ஒராளை நிப்பாட்டினால்தான் பயம் வரும் எண்டார் நேசன் அண்ணை. ரெண்டாயிரத்து ஆறு மாசியில சுகந்தியை நிப்பாட்டினம். கடிதத்தைத் தமிழில நான் எழுதினன். 'தொடர்ந்து நேரந்தவறியதால் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார்.' கீழ என்ர கையெழுத்து. அவளின்ர இடத்துக்கு அந்த ஆறு பேரில மேகலா எண்ட பிள்ளையைப் பொறுப்பாக்கினம்.

சித்திரை வருசத்தோட இஞ்சத்தத் தமிழ் வானொலியில ஒரு செய்தி. இலங்கை அரசாங்கம் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்கு வைக்குதாம், பழையபடி. நான் காலமை ஏழு மணிக்குக் கந்தோரைத் திறந்து, கதிரையில ஏறி நிண்டு, 'கிளிநொச்சி' மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பினன், புரோகிராமிலயும் அரை மணித்தியாலம் குறைச்சன். அங்க பின்னேரம். வேலை முடிய முந்தி அவையையும் உசார்ப்படுத்துவம் எண்டு ஃபோன் எடுத்தன்.

"மேகலா, இண்டையில இருந்து உங்கட நேரம் மாறுது. மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்கு வையுங்கோ. நாளைக்குப் பிந்திப் போடாதேங்கோ."

அந்தப் பிள்ளை சிரிச்சுது. "அக்கா, நாங்கள் ஏன் வைக்கிறது? எங்களுக்கு எப்பவும் இதுதானே நேரம். கொழும்புக்காரர்தான் இப்ப எங்களிட்ட வந்து சேர்ந்திருக்கினம்."

"அப்ப நீங்கள் ஒவ்வொரு நாளும்..."

"எட்டுக்குத்தான் அக்கா தொடங்கினனாங்கள். சுகந்தி அக்கா உங்களுக்கு எழுதினவாவே."

நான் ஃபோனை வைச்சன். அடுத்த நாள் கணக்கை எடுத்தன். எல்லாரும் எட்டு மணி. அதுக்கடுத்த நாளும் எட்டு மணி. ஐஞ்சுக்கு முடிச்சுப் போகினம். நேசன் அண்ணை அதைப் பாத்திட்டுச் சொல்லுறார், "பாத்தீங்களே, ஒராளை நிப்பாட்டினதுக்கு வேலை செய்யுது. ஆனால் பின்னேரம் முந்தி நிண்ட அரை மணித்தியாலம் இப்ப நிக்கினமில்லை, அதையும் ஒருக்காக் கேளுங்கோ."

நான் மேகலா சொன்னதைச் சொன்னன். அந்த மனுசன் திடுக்கிடுவார், தலையில கை வைப்பார் எண்டு நினைச்சன். அவர் கோப்பியைக் குடிச்சுக்கொண்டு சொன்னார், "அது எனக்குத் தெரியும்தானே. நான் ஊருக்குப் போகேக்க ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டி வன்னிக்குள்ள போய் என்ர மணிக்கூட்டையே திருப்பினனான்."

"தெரிஞ்சுகொண்டோ வெட்டினீங்கள்?"

"தேவி, நீங்கள்தானே கொழும்பு எண்டு போட்டது. நான் போடேல்லை. பதிஞ்ச நேரத்துக்குத்தான் சம்பளம். மிச்சம் வருகுது எண்டால் ஆர் வேண்டாம் எண்டுவினம்?"

இந்த ஊரில கள்ளன் வந்தால் பொலிசுக்கு ஃபோன் அடிக்கலாம். இதுக்கு ஆருக்கு அடிக்கிறது? ஆறு பிள்ளையளின்ர நாளில இருந்து ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலத்தை உருவி எடுத்தவர், கோயில் திருவிழாவுக்கு உபயகாரர். மேடையில ஏறி வன்னிப் பிள்ளையளுக்கு வேலை குடுத்தனான் எண்டு பேசி மாலையும் போட்டுக்கொண்டவர். நான் முன்வரிசையில இருந்து கை தட்டினனான்.

5

அந்தக் கிழமையே நிலையத்துக்கு ஃபோன் எடுத்து, சுகந்தியைக் கூட்டிவரச் சொல்லிக் கதைச்சன். பிழை என்னிலதான் எண்டன். அவள் அழவும் இல்லை, ஏசவும் இல்லை.

"காசைப் பற்றிக் கதைக்காதேங்கோ அக்கா, அது வராது எண்டு தெரியும். இஞ்ச கூட்டுறவுச் சங்கக் கந்தோரில தட்டச்சுக்கு ஆள் எடுக்கினம். கடைசியாய் வேலை செய்த இடத்துக் கடிதம் கேக்கினம். என்னட்ட இருக்கிறது நீங்கள் எழுதின கடிதம் மட்டுந்தான். அதைக் குடுத்தால் ஆர் எடுப்பினம்? நான் பிந்தி வாறவள் இல்லை எண்டு ஒரு கடிதம் தாங்கோ. உங்கட கையால. அந்த இடத்துக்கு ஆவணி கடைசி வரைக்கும் பாப்பினமாம்."

"அடுத்த கிழமை அனுப்புறன்," எண்டன்.

அனுப்பேல்லை. கந்தோரின்ர பெயர் அடிச்ச தாள் நேசன் அண்ணையின்ர மேசை லாச்சிக்குள்ள. கேட்டால் ஏன் எண்டு கேப்பார். எழுதினால் எங்களில வழக்கு வரும் எண்டு ஒருக்காச் சொன்னவர். அப்பதான் வீடு வாங்கி, கடனுக்குக் கையெழுத்து வைச்ச நேரம். இந்த மாசம் வேண்டாம், அடுத்த மாசம் பாப்பம், மகளின்ர பள்ளிக்கூடம் முடியட்டும் எண்டு நாளைக் கடத்தினன். பயம். வேற சொல்லு தேடத் தேவையில்லை. வெறும் தாளில எழுதி அனுப்பியிருந்தால் என்ன? அதையும் செய்யேல்லை.

ஆவணியில சண்டை துவங்கிப் பாதை பூட்டிப் போட்டினம். தபாலும் நிண்டுது. நிலையத்துக்கு டீசல் இல்லை எண்டு மேகலா ஒருநாள் சொன்னாள். அதுக்குப் பிறகு அந்த இலக்கத்துக்கு அடிச்சால் ஊளைச் சத்தந்தான். நேசன் அண்ணை ஒரு கிழமைக்குள்ள வேற நாட்டில வேற ஆக்களைப் பிடிச்சிட்டார். இன்னும் மலிவாம். வன்னியைப் பற்றி அதுக்குப் பிறகு கந்தோரில ஒரு கதை இல்லை. மணிக்கூடு மட்டும் சுவரில ஓடிக்கொண்டிருந்தது.

6

இப்ப என்ர முறை. குசினிக்குப் பக்கத்தில மேசை போட்டாச்சு. கதிரை என்ரது, சூடு என்ரது, கோப்பி என்ரது, கக்கூஸ் பேப்பரும் என்ரது. இன்ரநெற் வேகம் காணாது எண்டு கொம்பனிக்கு அடிச்சால், ஒண்டை அமத்து, ரெண்டை அமத்து எண்டு அரைநாள் போச்சுது. கடைசியில ஃபோனில வந்த பிள்ளை என்ர பெயரை மூண்டு தரம் எழுத்தெழுத்தாய்ச் சொல்லவைச்சிட்டு, வேற பகுதிக்கு மாத்துறன் எண்டு வெட்டிவிட்டிது. வீட்டில வேலை செய்யிற ஆக்கள் அந்தச் செலவை வருமான வரியில கழிக்கலாமாம், அதுக்கு ஒரு படிவத்தில முதலாளி கையெழுத்து வைக்கவேணும். நேசன் அண்ணை வைக்கமாட்டாராம். வைச்சால் தனக்குத் தேவையில்லாத கேள்வி வருமாம். 'ஊழியர் தன் இடத்தைத் தானே துப்புரவு செய்துகொள்வார்.' நல்லாய்த்தான் எழுதியிருக்கிறன்.

கந்தோரில என்ர மேசையைக் காலி பண்ணேக்க அந்த மணிக்கூட்டைக் கழட்டிக்கொண்டு வந்திட்டன். கேட்டுக்கொண்டு எடுக்கேல்லை. மகள் ஆரணிக்குப் பதினைஞ்சு வயது. தமிழ் கதைப்பாள், வாசிக்க மாட்டாள். கீழ ஒட்டியிருக்கிற எழுத்தைக் காட்டி என்னெண்டு கேட்டாள். கதையைச் சொன்னன். அவளுக்கு எதையும் சுத்தி வளைச்சுக் கேக்கத் தெரியாது.

"அந்த லெற்றர் யார் சைன் பண்ணினது?"

"நான்தான்."

"அப்ப மற்ற லெற்றரும் நீங்களே சைன் பண்ணலாம்தானே. ஏன் அவரைக் கேக்கவேணும்?"

"அப்ப பயம் பிள்ளை."

"இப்ப?"

இஞ்ச பிறந்ததுகளுக்கு ஒண்டும் விளங்காது எண்டு நாங்கள் கூடிக்கூடிக் கதைக்கிறம். எனக்கு ரெண்டு வருசமாய் விளங்காதது அவளுக்கு ஒரு கோப்பை பால் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள விளங்கிட்டுது. எனக்கு அவளில கோபம் வந்தது, உண்மையைச் சொல்லிறன். அவள் மேலுக்குப் போன பிறகு மேசையில இருந்து எழுதத் துவங்கினன்.

அனுப்பத்தான் விலாசம் இல்லை. தபால் போகாது. சுகந்தி இப்ப எங்க இருக்கிறாள், இருந்த இடத்தில இருக்கிறாளோ, இடம்பெயர்ந்திட்டாளோ, ஒண்டும் தெரியாது. இந்தப் பத்திரிகை வவுனியா வரைக்கும் போகும் எண்டு சொல்லுகினம். அதுக்கு அங்கால கொண்டு போக விடுறாங்களோ தெரியாது. ஆனால் பாஸ் எடுத்துப் போய்வாற ஆக்கள் இன்னும் இருக்கினம். வவுனியாவிலயோ பூவரசங்குளத்திலயோ ஆராவது இதை வாசிச்சால், கீழ இருக்கிற துண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு போங்கோ. கிளிநொச்சிப் பக்கத்து ஆக்களைக் கண்டால் குடுங்கோ. கந்தோரின்ர பெயர் அடிச்ச தாள் இல்லை, என்ர கையெழுத்துத்தான் இருக்கு. நேசன் அண்ணை இதை வாசிச்சால் எனக்கு அந்தக் குசினி மேசை வேலையும் போகும். போகட்டும்.

சம்பந்தப்பட்டவர்களுக்கு,

கிளிநொச்சியைச் சேர்ந்த செல்வி சுகந்தி எங்கள் கந்தோருக்காக ஒன்றரை வருடத்துக்கு மேலாகப் பொறுப்பாளராக வேலை செய்தார். ஒவ்வொரு நாளும் தன் ஊரின் நேரப்படி காலை எட்டு மணிக்கு வேலையைத் தொடங்கி, மாலை ஐந்து மணிவரை செய்தார். ஒரு நாளும் பிந்தி வரவில்லை. அவர் நேரந்தவறியவர் என்று முன்பு கொடுக்கப்பட்ட கடிதம் பிழையானது. உண்மையை அவர் எழுதி அறிவித்த பின்பும் நம்பாமல் அந்தக் கடிதத்தை எழுதியது நான்.

இந்தக் கடிதம் இரண்டு வருடம் பிந்தி வருகிறது.

தேவி
மேற்பார்வையாளர்